எழுபத்தெட்டு கிலோ தாங்க வேண்டும்

மார்ச் 3, திங்கள்

சலவைக்கடைக்காரர் என் கால்சட்டைகளைச் சுருக்குகிறார். இது மூன்றாவது. இடுப்புப் பொத்தானை இன்று அரை அங்குலம் தள்ளித் தைத்தேன். கடையை மாற்றலாம் என்று சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

இன்னொரு விஷயம். அவள் எனக்கு ஒரு தையல் வேலை கொடுத்திருக்கிறாள். காலையில் சேர்ந்து நடக்கிற கூட்டத்தோடு மாதக் கடைசியில் மலைக்காட்டுக்குப் பறவை பார்க்கப் போகிறாளாம். நான்கு நாள். தரையில் ஈரம், பூச்சி, படுக்க முடியாதாம். இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுக்கிற தொங்கு படுக்கை ஒன்று வேண்டும். அதன் மேல் கொசுவலை. வேண்டாதபோது வலையை மட்டும் கழற்றி மடித்து வைக்க முடிய வேண்டும்.

"கடையில விக்கிறாங்களே," என்றேன்.

"கடையில விக்கிறதை நீங்க நம்புவீங்களா? நீங்களே தைங்க."

அவளுடைய விரல் மூட்டுகள் வீங்கிய பிறகு இந்த வீட்டுத் தையல் மிஷின் ஆறு வருஷமாக என் பொறுப்பு. நில அளவை அலுவலகத்தில் முப்பத்தாறு வருஷம் வரைபடம் போட்டவன். கோடு நேராக வரும். ஆனால் நான் தைத்ததெல்லாம் தலையணை உறை, திரைச்சீலை, பொத்தான். ஓர் ஆளைத் தாங்குகிற எதையும் தைத்ததில்லை.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

மார்ச் 4, செவ்வாய்

அளவுச் சீட்டு கொடுத்தாள். இப்போதெல்லாம் பேனாவை முழு முஷ்டியால் பிடித்துத்தான் எழுதுகிறாள். ஆனாலும் தெளிவாக இருக்கிறது. அப்படியே இங்கே பிரதி செய்கிறேன்.

துணி பத்தரை அடி நீளம், ஐந்தடி அகலம். எழுபத்தெட்டு கிலோ தாங்க வேண்டும். வலையின் ஜிப் இடது பக்கம். கட்டும்போது தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் போகக் கூடாது.

"எழுபத்தெட்டா? நீ ஐம்பதைத் தாண்டமாட்டியே."

"கொடுத்த அளவுக்குத் தைங்க. டெய்லர் கேள்வி கேட்பாரா?"

கேட்பார். நல்ல டெய்லர் கேட்பார். நான் கேட்கவில்லை.

மார்ச் 5, புதன்

பாராசூட் துணி வாங்கினேன். மூன்று கடை ஏறி இறங்கினேன். ஒவ்வொரு கடையிலும் துணியை இழுத்துப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்றாவது கடைக்காரர் பொறுமை இழந்தார்.

"ஐயா, இதுல யானையைக் கட்டித் தொங்கவிட்டாலும் தாங்கும்."

"எந்த யானையைத் தொங்கவிட்டுப் பார்த்தீங்க?" என்று கேட்க நினைத்தேன். வாய் வரவில்லை. பன்னிரண்டு அடி வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அளந்தால் பன்னிரண்டுக்கு ஓர் அங்குலம் குறைவு. இப்படித்தான் எல்லாரும்.

மார்ச் 7, வெள்ளி

வழுக்குகிற துணி. மேசையில் விரித்தால் மீன் போல நழுவித் தரைக்குப் போகிறது. குண்டூசி குத்தினால் ஓட்டை நிற்கிறது. இஸ்திரி வைத்துப் பார்த்தேன். ஓரத்துத் துண்டு சுருண்டு கருகிவிட்டது, நல்லவேளை, துண்டு. கடைசியில் துணி காயப்போடும் கிளிப்புகளை வரிசையாகப் போட்டு மடிப்பைப் பிடித்தேன். வலது தோள் இன்றும் மேலே வரவில்லை. அலமாரி மேல்தட்டிலிருந்த நூல் பெட்டியை இடது கையால்தான் எடுத்தேன்.

மாடி வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். பணி ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். யார் வீட்டு வாசலிலும் பிரேக் போடாமல் போகமாட்டார்.

"என்ன சார், இந்த வயசுல தூளி தைக்கிறீங்க? வீட்டுல விசேஷமா? சொல்லவே இல்ல!"

அவள் உள்ளேயிருந்து, "ஆமாண்ணே, பெரிய குழந்தை! முழு நேரமும் அழுதுக்கிட்டே இருக்கும்!" என்று கத்தினாள். இருவரும் சிரித்தார்கள்.

பெரிய குழந்தை யார்?

மார்ச் 9, ஞாயிறு

நீள ஓரங்கள் இரண்டும் முடிந்தன. தையல் அங்குலத்துக்கு எட்டு.

மத்தியானம் அவளுக்கு ஒரு போன். நடைக் கூட்டத்துத் தலைவர், பல் டாக்டர். அவரை நான் பார்த்ததில்லை. குரலை மட்டும் கேட்டிருக்கிறேன். காதில் வைத்த போனிலிருந்து அடுத்த அறைக்குக் கேட்கிற குரல். அந்தக் குரலுக்கு ஏற்ற உடம்பு என்றால் ஆறடிக்குக் குறையாது. அவள் துணி காயப்போடும் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். கண்ணாடி வழியே பார்த்தேன். சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

எழுபத்து மூன்று வயதில் இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் வழக்கம்.

மார்ச் 10, திங்கள்

ஒரு கணக்குப் போட்டேன். வரைபடத்தைப் பார்த்து நிலத்தைச் சொல்வது என் தொழில். அளவுச் சீட்டைப் பார்த்து ஆளைச் சொல்ல முடியாதா?

பத்தரை அடித் துணி, குறுக்காகப் படுத்தால், ஐந்தடி ஒன்பது அங்குல ஆளுக்குச் சரி. அவள் ஐந்தடி. ஒன்பது அங்குலம் யாருக்காக?

எழுபத்தெட்டு கிலோ. அவள் நாற்பத்தெட்டு.

ஜிப் இடது பக்கம். நாற்பத்தாறு வருஷமாக அவள் கட்டிலில் வலப்பக்கம்தான் இறங்குகிறாள். இடது கையால் ஜிப் திறக்கிறவர் யார்?

உயரம் ஒன்றரை அடிக்கு மேல் கூடாது. காலைத் தூக்கி வைக்கச் சிரமப்படுகிற ஆள். முழங்கால் தேய்ந்தவர்.

ஆக, உயரம் ஏறக்குறைய என்னைப் போல, ஆனால் பன்னிரண்டு கிலோ கூடுதல் கனம், இடது கைப் பழக்கம், முழங்கால் வலி. இந்தப் படுக்கை அவளுக்கு இல்லை.

மார்ச் 11, செவ்வாய்

கேட்டுவிடலாமே என்று ஒரு மனம் சொல்கிறது. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளே. அதுதான் பயம்.

மார்ச் 13, வியாழன்

மகள் வெளியூரிலிருந்து பேசினாள். வழக்கமாக என் மாத்திரைகளைப் பற்றிக் கேட்பாள். இன்று முதல் கேள்வியே, "அப்பா, தையல் எந்த அளவுல இருக்கு?"

"உனக்கு யார் சொன்னது?"

"அம்மாதான்."

"அம்மா வேற என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலையேப்பா. நீங்க நல்லா கெட்டியா தைங்க, சரியா?"

மகளுக்கும் தெரிந்திருக்கிறது. மாடி வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கும். தெருவுக்கே தெரிந்திருக்கும். துணியைத் தைப்பவனுக்கு மட்டும் தெரியாது.

மார்ச் 16, ஞாயிறு

கொசுவலை. இது படுக்கையைவிடப் பெரிய தலைவலி. கண் துளைகளில் ஊசி மாட்டிக்கொண்டு வலை மிஷினுக்குள் போய்ச் சுருண்டது. இரண்டு முறை பிரித்தேன். பிறகு பழைய செய்தித்தாளைக் கீழே வைத்துச் சேர்த்துத் தைத்து, தாளைக் கிழித்தெடுத்தேன். நேராக வந்தது. இந்த யுக்தியை நானே கண்டுபிடித்தேன். அவளிடம் ஓடிப்போய்க் காட்ட வேண்டும் போலிருந்தது. போகவில்லை.

இடப்பக்கம் முழுக்க ஜிப். மற்ற மூன்று பக்கமும் ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ பட்டை. நான்கையும் பிரித்தால் வலை தனியே கையோடு வந்துவிடும். மேலே ஒரு கயிறு கட்டி அதன்மேல் வலையைப் போட்டால் முகத்தில் படாது.

அவள் பார்த்தாள். ஜிப்பைத் திறந்து மூடினாள். விரல் வலிக்க வலிக்க, மூன்று முறை. "இடது கையால சுலபமா வருது," என்றாள், தனக்குத்தானே.

என் முன்னாலேயே!

மார்ச் 18, செவ்வாய்

இனி மிச்சமிருப்பது இரு முனைகளும்தான். பாவாடைக்கு நாடா கோக்க மடிப்பு விடுவோமே, அதே மாதிரி மடிப்பு. நாடாவுக்குப் பதில் கயிறு. ஆளின் முழுக் கனமும் அந்த இரண்டு மடிப்பில்தான் நிற்கும். எனவே ஒவ்வொன்றுக்கும் மூன்று வரிசைத் தையல், பாலியஸ்டர் நூலில். ஒரு துண்டுத் துணியில் மாதிரி மடிப்புப் போட்டு, குழாய்க் கம்பியில் தொங்கவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் மாட்டிச் சோதித்தேன். மூன்று வரிசை அசையவில்லை. ஒரு வரிசை ஐந்தாவது வாளியில் பல் காட்டியது.

தலைப்பக்கம் மூன்று வரிசை இன்று முடித்தேன். நேர்கோடு. கண்ணுக்கு அழகாக இருக்கிறது. யாருக்கோ.

மார்ச் 20, வியாழன்

அவள் கைப்பையில் மூக்குக் கண்ணாடியைத் தேடினேன். என் கண்ணாடியைத்தான், அவள் சில சமயம் எடுத்து வைப்பாள். மடித்த தாள் ஒன்று இருந்தது. முகாமுக்குப் பதிவு செய்த சீட்டு. அவள் பெயர். அதன் கீழே: "இரண்டு பேர். பக்கத்துப் பக்கத்து மரங்கள்."

என்னிடம் அவள் தனியாகப் போவதாகத்தான் இன்றுவரை சொல்லியிருக்கிறாள்.

தாளை இருந்த மடிப்பிலேயே மடித்து வைத்தேன். முதல் தடவை சரியாக வரவில்லை; பிரித்து மறுபடி மடித்தேன்.

மார்ச் 21, வெள்ளி

இதை எழுதக் கூடாது. ஆனால் எழுதாமல் விட்டால் நான் செய்ததை நானே இல்லையென்று சொல்லிவிடுவேன்.

கால்பக்க மடிப்பை ஒரே வரிசையில் தைத்தேன். பாலியஸ்டர் நூலை எடுத்துவிட்டு, பெட்டியின் அடியில் கிடந்த பழைய பருத்தி நூலைப் போட்டேன். கையால் இழுத்தாலே அறுகிற நூல். மற்ற இரண்டு வரிசைக்கும் நூலில்லாத ஊசியை ஓட்டித் துளை மட்டும் விட்டேன், பார்த்தால் தைத்த மாதிரி இருக்கட்டும் என்று.

ஒன்றரை அடி உயரம்தான். யாரும் செத்துப் போகமாட்டார்கள். கீழே இலைச்சருகு இருக்கும். இடுப்பில் ஒரு அடி, எல்லார் முன்னாலும் ஒரு அவமானம், அவ்வளவுதான்.

முப்பத்தாறு வருஷத்தில் ஒரு கோட்டைக்கூட நான் தெரிந்து தப்பாகப் போட்டதில்லை.

"முடிஞ்சுதா?" என்றாள்.

"முடிஞ்சுது."

என் கன்னத்தைத் தட்டினாள். "கெட்டிக்காரர்தான் நீங்க."

மார்ச் 22, சனி

காலை ஐந்தரைக்கே எழுந்தேன். பிரித்துத் தைத்துவிடுவது என்று முடிவு. மிஷினில் நூல் கோத்துத் தயாராக வைத்துக்கொண்டு படுக்கையை வைத்த பையைத் தேடினால், பை இல்லை. நடந்துவிட்டுத் திரும்பியவளைக் கேட்டேன்.

"காலையில நடக்கப் போறப்ப டாக்டர் கார்ல வெச்சுட்டேன். நாளைக்குப் பூங்காவுல எல்லாரும் கட்டிப் பார்க்கப் போறோம்ல, எதுக்குத் தூக்கிக்கிட்டு அலையணும்."

"அதுல ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு."

"உங்களுக்கு எப்பவும் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கும். நாளைக்கு நீங்களும் வாங்க."

டாக்டருக்கு போன் செய்து, படுத்துவிடாதீர்கள் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பாரே. என்ன சொல்வேன்? போனை எடுத்தேன், வைத்தேன். எடுத்தேன், வைத்தேன்.

மார்ச் 23, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

பூங்காவில் பதினைந்து பேர் இருந்தார்கள். "வாங்க வாங்க, உங்களைப் பத்தி நிறைய கேள்விப்பட்டிருக்கேன்!" என்று அந்தக் குரல் கேட்டது. திரும்பினால் யாருமில்லை. குனிந்து பார்த்தேன். பல் டாக்டர் என் தோளுக்கும் கீழே நின்றார். பார்த்தால் நாற்பத்தைந்து கிலோ இருப்பார். வலது கையை நீட்டி என் கையைக் குலுக்கினார்; வலது கையாலேயே முடிச்சுப் போட்டார்; முழங்காலை மடக்கிச் சட்டென்று உட்கார்ந்து கயிற்றை இறுக்கினார். என் கணக்கில் ஒரு அளவுகூட அவருக்குப் பொருந்தவில்லை.

அப்படியென்றால் யார்? ஒவ்வொருவராகப் பார்த்தேன். வாசலில் தடியாக ஒருவர் நின்றார். அவர் பூங்காக் காவலாளி.

அதற்குள் இரண்டு மரங்களுக்கு நடுவே என் படுக்கை தொங்கியது. வலையை மேலே ஒதுக்கியிருந்தார்கள். எல்லாரும் தையலைத் தடவிப் பார்த்துப் பாராட்டினார்கள். அவள் செருப்பைக் கழற்றினாள்.

"நான் முதல்ல படுத்துக் காட்டறேன். அப்பத்தான் இவருக்குப் பயம் போகும்."

துணியை விரித்து, கால்பக்கம் கையை ஊன்றி, உட்காரப் போனாள். எழுபது வயது. எலும்பு தேய்மானத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவள்.

கத்தினேன். "படுக்காதே! அதுல படுக்காதேடி!" என் வாழ்க்கையில் இவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதில்லை. மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"என்னங்க ஆச்சு?"

"தையல்... கால்பக்கம் ஒரு வரிசைதான். பழைய நூல். அறுந்துடும்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் மடிப்பை இரண்டு கையாலும் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். டர்ரென்று ஒரு முழம் பிரிந்துவிட்டது.

"மறந்துட்டீங்களா?" என்றாள் அவள்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வயசானவன், மறந்துவிட்டான் என்று எல்லாரும் நம்பியிருப்பார்கள். வாய் வரை வந்தது.

"மறக்கல," என்றேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் எனக்கு இரண்டடி முன்னாலேயே நடந்தாள்.

மார்ச் 24, திங்கள்

காலையில் காபியை மேசையில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"யார் விழணும்னு தைச்சீங்க?"

சொன்னேன். பால்கனி போன், அளவுச் சீட்டு, பதிவுச் சீட்டு, எல்லாம். கைப்பையைத் திறந்ததையும் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"எழுந்து வாங்க."

குளியலறைக்குப் பக்கத்தில் எடை பார்க்கும் இயந்திரம் இருக்கிறது. நான் அதில் ஏறுவதில்லை. பணி ஓய்வு நாளில் மருத்துவச் சோதனையில் அறுபத்தாறு கிலோ என்று எழுதினார்கள். அதையே இன்றுவரை வைத்துக்கொண்டிருக்கிறேன். என் கையைப் பிடித்து ஏற்றினாள்.

எழுபத்தெட்டு.

"வலது கையை மேல தூக்குங்க."

தோளுக்கு மேல் வரவில்லை.

"ஜிப்பை எந்தக் கையால திறப்பீங்க?"

என் இடது கையைப் பார்த்தேன். முழங்காலைப் பற்றி அவள் கேட்கவே இல்லை. இயந்திரத்திலிருந்து இறங்கச் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மூணு தடவை டிக்கெட் எடுத்தோம். மூணு தடவையும் கிளம்பற அன்னிக்குக் காலையில வயித்து வலின்னு படுத்துக்கிட்டீங்க. முன்னாடியே சொல்லியிருந்தா இந்த மாசம் பூரா பயந்தே கழிச்சிருப்பீங்க. கடையில வாங்கியிருந்தா அதை நம்பமாட்டீங்க. உங்க கையால தைச்சு, நீங்களே வாளி மாட்டிச் சோதிச்சதுன்னா ஏறிப் படுப்பீங்கன்னு நினைச்சேன்." என் கையை விட்டாள். "என் மேல சந்தேகப்பட்டதுகூடப் போகட்டும். போன்ல ஒளிஞ்சு பேசினது நான்தான். ஆனா ஒரு மனுஷன் விழணும்னு உங்க கை தைச்சிருக்கே. அதைத்தான் என்னால—"

முடிக்கவில்லை. உள்ளே போய்விட்டாள்.

சலவைக்கடைக்காரர் மீது ஒரு குற்றமும் இல்லை.

மார்ச் 25, செவ்வாய்

நான் மிஷின் முன் உட்கார்ந்தேன். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மீதி இருந்த பருத்தி நூலை முழுக்கப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். பாலியஸ்டர் நூல் கோத்தேன். ஊசியைப் புதிதாக மாற்றினேன். பழைய துளைகளை விட்டுக் கால் அங்குலம் உள்ளே தள்ளி மடித்தேன்.

"ஒண்ணு," என்றாள் முதல் வரிசை முடிந்ததும்.

"ரெண்டு."

"மூணு."

நான் நிறுத்தவில்லை. இன்னொன்று போட்டேன்.

"நாலு எதுக்கு?"

"தெரியல."

வாளிகளை நிரப்பித் தூக்க முடியாமல் மாடி வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். தொண்ணூறு கிலோ வரை மாட்டினோம். அசையவில்லை. "குழந்தை ரொம்பக் கனமோ?" என்றார் அவர். அவள் லேசாகச் சிரித்தாள். என்னைப் பார்த்து இல்லை. இருந்தாலும் சிரித்தாள்.

மார்ச் 27, வியாழன்

நாளைக் காலை கிளம்ப வேண்டும். வயிறு வலிக்கிறது. உண்மையாகவே வலிக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 29, சனி

மரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலை ஆறு மணி. கொசு இருக்கிறது.

நேற்றுச் சாயங்காலம் வந்து சேர்ந்தோம். பக்கத்துப் பக்கத்து மரங்கள். அவளுக்கென்று, கடையில் வாங்கிய படுக்கை ஒன்றை டாக்டர் கொடுத்திருந்தார். நான் தைத்ததை நான் எடுத்துக்கொள்ளப் போனேன். அவள் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இதுல நான் படுக்கறேன். நீங்க கடைச் சரக்குல படுங்க."

"அளவெல்லாம் உனக்குப் பொருந்தாதே."

"பரவாயில்ல."

தண்டனையா, வேறு ஏதாவதா? கேட்கவில்லை. இந்த முறை பயத்தால் அல்ல.

கடைப் படுக்கையின் மடிப்பில் இரண்டு வரிசைதான் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் ஏறிப் படுத்தேன். அது என்னைத் தாங்கியது. என் காது முழுக்கப் பக்கத்து மரத்தில்தான் இருந்தது. அவள் புரளும்போதெல்லாம் கயிறு முனகியது. தையல் ஒன்றும் சொல்லவில்லை.

விடிந்ததும் இறங்கிப் போய்ப் பார்த்தேன். நான்கு வரிசையும் அப்படியே இருக்கின்றன. வலைக்குள் அவள் சின்னதாக, பத்தரை அடித் துணியில் ஒரு ஓரமாகக் கிடந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து இங்கே வந்து உட்கார்ந்தேன்.

இப்போதுதான் குரல் கொடுக்கிறாள். "என்னங்க, இந்தப் பக்கம் ஜிப்பே இல்ல. அந்தப் பக்கத்துக்கு என் கை வர மாட்டேங்குது. டாக்டர் ஏதோ பச்சைக் குருவின்னு கத்தறாரு. திறந்து விடுங்க."

இடப்பக்கம். போய்த் திறக்கிறேன்.